சம்சாரத்தை விடுவதற்கான படிவம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
வியாழக்கிழமை மாலை

நிஜபோதம் முகாமில் சாதகர் எண் 37 என்றும் வீட்டில் சுமந்த் என்றும் அழைக்கப்படும் என் கணவருக்கு,

“அப்போ இதுல புதுசா என்னடி இருக்கு?”

இப்படிக் கேட்டவர் உங்கள் அம்மா. நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேட்டார். இன்று மாலை வரை எனக்குப் பதில் தெரியவில்லை. காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு வருடம் உட்கார்ந்து, தென் திருவிதாங்கூரின் புதிய சமய இயக்கங்கள் பழைய மதங்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. குக்கர் கூப்பிடுகிறது என்று எழுந்து போய்விட்டேன். குக்கரை அப்போது அடுப்பிலேயே வைத்திருக்கவில்லை.

உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைத் திறக்கப்போகும் ஒருங்கிணைப்பாளர் ரதீஷ் அவர்களுக்கும் வணக்கம். அவருக்குத் தமிழ் படிக்க வராது, சமையல்கூடத்தில் இருக்கும் நாகர்கோவில் பிச்சையா அண்ணாச்சிதான் உரக்க வாசித்துக் காட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணாச்சிக்கும் வணக்கம். கணவன் மனைவி கடிதம் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் தபால்காரி ஜிஷா ஸ்பீட் போஸ்ட்டில் ஓர் உறை கொண்டுவந்தாள். உள்ளே வழவழப்பான தாளில் மலையாளத்தில் ஒரு படிவம். மேலே தாமரை, தாமரைக்குள் சுடர், சுடருக்குள் சின்னதாக உலக உருண்டை. தலைப்பு: “சம்சாரம் பூர்ணமாயி உபேக்ஷிக்குந்நதினு குடும்பாங்கத்தின்றெ சம்மதபத்ரம்.” அதாவது, சாதகர் சம்சாரத்தை முழுமையாக விட்டுவிடுவதற்குக் குடும்பத்தில் ஒருவர் தரும் ஒப்புதல். தீட்சை நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு. கீழே என் பெயர், சாதகரோடு என்ன உறவு, சம்மதம் உண்டா இல்லையா, கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டுமாம்.

சம்சாரம் என்ற சொல்லை என் ஆய்வேட்டில் நூற்றுக்கணக்கான முறை எழுதியிருப்பேன். பிறவிச் சுழல், குடும்ப பந்தம், இல்லறத் தளை. திருநெல்வேலியில் என் அப்பாவுக்கு அந்தச் சொல் அவ்வளவு நீளமில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் என் அம்மாவைக் காட்டி, “இது நம்ம சம்சாரம்” என்பார். ஆக, எந்தப் பக்கம் திருப்பிப் படித்தாலும் விடப்படுவது நான்தான்.

உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரின் கை நின்றது. அழப்போகிறார் என்று தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அவரோ, “நம்மவாள்லயும் ஒருத்தன் சந்நியாசம் வாங்கிக்கணும்னா ஆத்துக்காரி சம்மதிச்சாத்தான் உண்டு. அங்கயும் உன்கிட்டதான் கையெழுத்து கேக்கறா. அப்போ இதுல புதுசா என்னடி இருக்கு?” என்றார். முதலில் எழுதியிருக்கும் கேள்வி பிறந்த கதை இதுதான்.

கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். மத்தியானம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் அம்மா, வலது பக்கம் நீங்கள்.

மார்ச்சில் அந்த மூன்று நாள் வகுப்பு முடிந்து வந்து நீங்கள் சொன்ன முதல் வாக்கியம், இது மதமே இல்லை என்பது. என் ஆய்வில் வரும் பதினோரு இயக்கங்களும் முதலில் அதைத்தான் சொல்லின. அதனால் அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. உருவம் கிடையாது, சடங்கு கிடையாது, பூசாரி கிடையாது என்றீர்கள். ஏப்ரலில் ஒரு சுடர் படம் வந்தது. உருவமல்ல, கவனத்துக்கான புள்ளி. மே மாதம் அந்தப் புள்ளி கிழக்குப் பார்த்துத்தான் மாட்டப்பட வேண்டும் என்று தெரிய வந்தது. ஜூனில் புள்ளிக்கு ஒரு முழம் முல்லை. பழைய மதத்துக்கு இரண்டாயிரம் வருடம் பிடித்த தூரத்தை நீங்கள் நூறு நாளில் நடந்து முடித்துவிட்டீர்கள்.

பிறகு அந்தச் சால்வை. கொடியில் உலரும் அம்மாவின் ஒன்பது கஜத்தை யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக, “கரண்ட் கனெக்‌ஷன் குடுத்திருக்கியாம்மா?” என்று முப்பது வருடமாக அவருடைய மடியைக் கேலி செய்தவர் நீங்கள். இப்போது உங்கள் வெள்ளைச் சால்வையை விடியற்காலைப் பயிற்சிக்கு முன்னால் இன்னொருவர் தொட்டால் சக்தி வட்டம் கலைந்துவிடும். வீட்டில் இருப்பதோ ஒரே மூங்கில் கொடி. நீங்கள் ஒரு முனையிலும் அம்மா மறுமுனையிலும் நின்றுகொண்டு, புடவை சால்வையில் பட்டதா, சால்வை புடவையில் பட்டதா என்று வாதாடிய காலையை என்னால் மறக்க முடியாது. தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டீர்கள். இரண்டையுமே தொடும் தகுதி இல்லாதவள் நான் ஒருத்திதான் என்பதால் போலிருக்கிறது. “இது மடி இல்லைம்மா, எனர்ஜி!” என்று நீங்கள் கத்தியதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. “அதுக்குத்தாண்டா நம்மாத்துல மடின்னு பேர். அம்பத்திமூணு வயசுலயாவது வந்துதே, சந்தோஷம்.”

வெங்காயக் கதையும் அப்படித்தான். ஏகாதசியன்று கிழக்கேகோட்டையில் நின்றபடி உள்ளிவடை தின்றுவிட்டு, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தவர் நீங்கள். இன்று வெங்காயம் வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. போதாததற்கு மாதத்தில் இரண்டு சந்திர ஓய்வு நாள் வேறு. இரண்டும் எந்தத் தேதியில் வருகின்றன என்று பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் உங்களுக்கும் தனக்கும் சேர்த்துத்தான் அவர் பழம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வலது பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். மே இரண்டாம் வாரம், சேவா என்ற பெயரில், நீங்கள் சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வைத்தீர்கள். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் முதல் தடவை. பழைய மதம் எவ்வளவோ செய்திருக்கிறது, இதைச் செய்யவில்லை. அன்று நீங்கள் போன பிறகு அம்மா அந்தச் சுடர் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் கைகூப்பி நின்றார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அண்ணாச்சி, இந்த இடத்தை வேகமாக வாசியுங்கள்.

சுப்பு வாத்தியார் அடுத்த மாதம் உங்கள் அப்பாவின் திதிக்கு நாள் சொல்ல வந்திருந்தார். நீங்கள் எங்கே என்றார். பொன்முடி போகும் வழியில் ஒரு முகாமில் நாற்பத்தொரு நாள், மூன்று மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளித்துக் கிழக்கே பார்த்து உட்கார்கிறார் என்றேன். “நான் நாப்பது வருஷமா அதைத்தானே பண்றேன், ஒருத்தனும் எனக்கு நம்பர் குடுக்கலையே” என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, அங்கே காப்பி உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் பழைய மதத்தின் மேல் அவருக்குப் பிடிப்பு கூடியது தெரிந்தது.

தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டன. பார்த்தால் இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்கின்றன, பெயர்கள்தான் வேறு. இதைத்தான் அம்மா ஒரே வரியில் கேட்டிருக்கிறார்.

சரி. இனி எனக்குச் சுலபமாக வராத பகுதி.

முதல் வாரம் நீங்கள் அனுப்பிய பதினொரு பக்கக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்தேன். மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு, உப்புமாவில் எந்த ரவை, பக்கத்துப் பாயில் படுப்பவரின் மருமகனுக்கு எந்தக் கம்பெனியில் வேலை என்பதற்கெல்லாம் பிறகு, ஒன்பதாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: “ஒரு பெரிய முடிவு எடுத்திருக்கிறேன். இத்தனை வருடமாக நீ மனதுக்குள் வேண்டிக்கொண்டதுதான். இனி உனக்கு நிம்மதி.” படிவம் வரும் வரை அதைப் புது வாஷிங் மெஷின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதையும் யாரிடமும் வேண்டிக்கொள்ளும் ஆள் இல்லை. ஆனாலும் நேற்றிலிருந்து யோசிக்கிறேன், நீங்கள் போக வேண்டும் என்று எப்போது வேண்டிக்கொண்டேன்? என் முகம் அப்படி ஏதாவது சொல்லியிருக்குமா? என் முகம் எதையும் சொல்லாது என்று நீங்களே பலரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

வீட்டுச் செய்திகள். மழை விடாமல் பெய்கிறது. பின்கட்டில் ஓடு ஒன்று நழுவியிருக்கிறது, வாளி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் காலையில் பேப்பரைச் சீக்கிரமாகவே முடித்துவிடுகிறேன்; நடுவில் “ஒரு நிமிஷம் பேசாம இருங்கோளேன்” என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் மூன்று நாள் மிக நன்றாக இருந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இன்னொரு ராட்சதக் கப்பல் வந்திருக்கிறதாம். அதன் நீளம் எத்தனை, பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தைப் படுக்க வைத்தால் எத்தனை கோபுரம் கொள்ளும் என்று சொல்ல ஆளில்லாததால் அது எனக்கு வெறும் கப்பலாகவே இருக்கிறது. பல் டாக்டர் வாய்க்குள் கருவியை வைத்திருக்கும்போதே அவருக்கு ரயில் கால அட்டவணை சொன்ன மனிதரோடு இருந்து பழகிவிட்டேன். நேற்று பால் பாக்கெட் வாங்கும்போது, தேவையே இல்லாமல், அந்தக் கடைக்காரரிடம் மழையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். அவர் பயந்துவிட்டார்.

உங்கள் முகாம் அலுவலகத்துக்கு இன்று போன் செய்தேன். புல்லாங்குழல் மட்டும் ஒலித்தது. பத்து நிமிடம் கேட்டேன். கொஞ்சம் அமைதி வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படிவம் மேஜை மேல் இருக்கிறது. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் முடிவு செய்யவில்லை. ஒருவர் ஒன்றை நம்பிப் போனால் தடுக்கக் கூடாது என்று வகுப்பில் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். எனக்குத்தான் இப்போது அந்த நோட்டு தேவைப்படுகிறது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எதை விடுவதென்றாலும், ஒருதரம் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, உங்கள் வழக்கப்படி நீட்டி முழக்கி, கொண்டை ஊசி வளைவுகள் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விடுங்கள். நான் நடுவில் பேசமாட்டேன்.

பழைய தெய்வமோ புதிய சுடரோ, யார் பொறுப்பில் இருந்தாலும் உங்களைச் சளி பிடிக்காமல் காக்கட்டும். குடையை எடுக்காமல் போயிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீலக்ஷ்மி


வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி

உறையை ஒட்டுவதற்குள் இன்று நடந்துவிட்டதை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு ஜிஷா வந்தாள். அம்மாவின் பென்ஷன் தபாலை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “எந்து பற்றி டீச்சரே, கண்ணு சுவந்நிரிக்குந்நு?” கண் ஏன் சிவந்திருக்கிறது என்கிறாள். வெங்காயம் என்றேன். இந்த வீட்டில் நான்கு மாதமாக வெங்காயம் கிடையாது என்பது இந்தத் தெரு முழுக்கத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் போய்ப் படிவத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

தலைப்பை வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை. “சாரு சம்சாரம் நிறுத்தானோ? ஐயோ, சாரினெக்கொண்டு அது பற்றுமோ டீச்சரே!” என்று சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த தபால் கட்டையே தவறவிட்டாள்.

சார் பேச்சை நிறுத்தப்போகிறாரா, அவரால் அது முடியுமா என்று கேட்கிறாள்.

படிவத்துக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள்தான் தாளைத் திருப்பினாள். “மறுபுறம் நோக்கியில்லே?” பின்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவள், ஒரு தாளுக்கு இரண்டாம் பக்கம் உண்டு என்பதை மறந்துவிட்டேன். அங்கே வீட்டாருக்கான குறிப்புகள் இருந்தன. பன்னிரண்டு மாத மௌனத்தில் சாதகர் வீட்டிலேயே இருப்பார். அவருக்காக ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டியும் வாங்கி வைக்கவும். ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர் முதலியோருக்குக் காட்டுவதற்கான அட்டை இத்துடன் உள்ளது. உறையை உதறினேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நாடாவோடு அட்டை விழுந்தது.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு என்று தெரியாதவளா நான்? இருபத்துநான்கு வருடமாக இந்த ஊரில் நானும் சம்சாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிறகு பேசலாம் என்பதற்கு “பின்னே சம்சாரிக்காம்” என்று ஜிஷாவிடமே நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் மேலே ஒரு தாமரை இருந்துவிட்டால் எனக்கு மூளை சமஸ்கிருதத்துக்குப் போய்விடுகிறது. தாமரை இல்லாத தாளில் அதே சொல் இருந்திருந்தால் சரியாகப் படித்திருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். “பேச்சையா? அவனா?” என்று ஆரம்பித்த சிரிப்பு இருமலில்தான் நின்றது. “எங்க மாமியார் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மௌன விரதம் இருப்பா. இதுவும் புதுசில்லை, கேட்டியா? சிலேட்டு ஒண்ணுதான் புதுசு” என்றார். ஆக, முதல் கேள்விக்கு என் பல்கலைக்கழகம் தராத பதிலும் கிடைத்துவிட்டது.

உங்கள் ஒன்பதாம் பக்கமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வேண்டிக்கொண்டது மனதுக்குள் இல்லை. தினமும் காலையில், பேப்பருக்குப் பின்னாலிருந்து, வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். நீங்கள் அதைப் பிரார்த்தனை என்று எடுத்துக்கொண்டு, மலை ஏறிப் போய் வரம் வாங்கிவரப் பார்த்திருக்கிறீர்கள்.

“போட்டுடு, ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டான்” என்றார் அம்மா. ஜிஷாவும், வெறும் பேச்சுதானே டீச்சர், கொடுத்துவிடலாமே என்றாள். நேற்று முழுக்கப் பயந்தது நடக்கப்போவதில்லை. நியாயமாக நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பேனாவைத் திறந்தேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து, கப்பலின் நீளத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவது கண்ணுக்குள் வந்தது. சம்மதம் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். இரண்டு தடவை அழுத்திப் போட்டதில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. ரதீஷ் மன்னிக்கவும்.

சாதகரோடு என்ன உறவு என்ற இடம் பாக்கி இருந்தது. அங்கே மட்டும் தமிழில், என் அப்பா சொல்கிற மாதிரி எழுதினேன்: சம்சாரம். பிச்சையா அண்ணாச்சி அதை உரக்க வாசிப்பார். அண்ணாச்சி காதில் பெண்டாட்டி என்று விழும், ரதீஷ் காதில் பேச்சு என்று விழும். யாரும் யாரையும் திருத்த வேண்டாம்.

ஜிஷா வாசலில் காத்துக்கொண்டிருக்கிறாள். படிவமும் கடிதமும் அவளோடு போகின்றன. அட்டையை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார், சுப்பு வாத்தியார் வரும்போது மாட்டிக்கொள்ளலாமாம்.

சிலேட்டு வாங்கவில்லை.